பறக்கும் இஸ்திரி

ஜன்னல் கொக்கி உடைந்தால் புதுக் கொக்கி வாங்குவார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு மனிதர்களைத் தெரியாது. வீட்டில் கிடக்கிற பழைய கரண்டியை வளைத்து மாட்டுவார்கள். குழாய் ஒழுகினால் அதன் வாயில் ஒற்றைக் காலுறையைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டால், உடற்பயிற்சி செய்யப்போவதாகச் சபதம் போட்டு வாங்கிய இரும்புக் குண்டை முட்டுக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட ஒட்டுவேலைகளைத் தேடித்தேடிப் படம் எடுப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் வைப்பாள். காலுறைக் குழாய்க்கு ‘சளி பிடித்த குழாய்’ என்று பெயர். யாரிடமும் காட்டுவதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தானே தள்ளித்தள்ளிப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வாள்.

நல்ல பொழுதுபோக்குதானே, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். தலையெழுத்து எப்படி இருந்தது பாருங்கள். அவள் பார்த்த வேலையும் கிட்டத்தட்ட அதுதான். நகராட்சியில் தீத்தடுப்பு ஆய்வாளர். கடை கடையாக ஏறி இறங்கி, எங்கே வயரை முடிச்சுப் போட்டிருக்கிறார்கள், எங்கே அவசர வழியில் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துப் படம் எடுக்க வேண்டும். வேலை நாளில் எதைக் குற்றம் என்று எழுதினாளோ, விடுமுறை நாளில் அதையே அழகு என்று எடுத்தாள்.

அதனால் ஊரில் யாரும் அவளை நிம்மதியாகப் படம் எடுக்க விட்டதில்லை. கைபேசியை உயர்த்தினால் போதும், கடைக்காரர்கள் பதறியடித்துக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு வங்கி வாசலில் காவலாளியின் நாற்காலி ஒன்று இருந்தது. மூன்று கால் சொந்தக் கால். நாலாவது, துடைப்பக் கட்டை. அடடா என்று குனிந்து எடுக்கப்போனாள். காவலாளி நாற்காலியைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மேடம், எழுதிடாதீங்க மேடம். நாளைக்கே மாத்தச் சொல்றேன்."

"ஐயா, எனக்குப் பிடிச்சிருக்கு. அதுக்குத்தான் எடுக்கறேன்."

"எல்லா ஆபீசரும் இப்படித்தான் மேடம் ஆரம்பிப்பாங்க."

மறுநாள் அங்கே புது நாற்காலி இருந்தது. பளபளவென்று, பார்க்கவே எரிச்சலாக. அவள் தொட்ட அழகெல்லாம் இப்படித்தான் ஒழுங்காகித் தொலைந்தது. எதையாவது ரசிக்கலாம் என்று போனால் அதற்குள் திருத்திவிடுகிறார்கள். இந்த ஆத்திரத்தை அவள் யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டில் சொன்னால் கணவர் சிரிப்பார். தையல் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனுஷர். "உடைஞ்சதா பாத்துப் பாத்து எடுக்கற. ஒருநாள் என் கடைக்கு வந்து ஒழுங்கா இருக்கறத எடேன்" என்பார். ஒழுங்காக இருப்பதில் எடுக்க என்ன இருக்கிறது என்று அவள் போனதேயில்லை.

அந்தக் கடைக்கு அப்போதுதான் நல்ல காலம் எட்டிப்பார்த்தது. கால்சட்டைக்கு மடிப்பு வைத்தும், பிய்ந்த ஜிப்பை மாற்றியுமே வயதைக் கழித்தவருக்கு ஒரு பெரிய ஓட்டலிலிருந்து வேலை வந்தது. ஊழியர்கள் அத்தனை பேருக்கும் சீருடை. சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட்டால் இனி வருஷா வருஷம் அவருக்கே என்று ஓட்டல் மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். கணவர் கூடுதலாக இரண்டு தையல்காரர்களைச் சேர்த்துக்கொண்டார். தூக்கத்தில்கூட, "காலர், காலர்" என்று முனகினார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷர் எதற்கும் இப்படி ஆசைப்பட்டு அவள் பார்த்ததில்லை. இது மட்டும் கைகூடிவிட வேண்டும் என்று அவளும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

அந்த வாரம் ஒரு நாள், வேலை முடிந்து போகிற வழியில் அவருக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குள் நுழைந்தவள் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் தொங்கியது. தரையில் கிடந்து துணியை இழுத்துக் கசக்கிக்கொண்டிருந்த வயருக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். மேசைக்கு மேலே நீளவாக்கில் ஒரு திரைச்சீலைக் கம்பி. அதில் கோத்த பிளாஸ்டிக் வளையல்கள். வளையல்களுக்குள் நுழைந்து வந்த வயர். பெட்டியின் பாரத்தைத் தாங்க மேற்கூரைக் கொக்கியில் சைக்கிள் டியூப். தள்ளினால் வளையல்கள் கலகலவென்று சேர்ந்து ஓடின. விட்டால் டியூப் பெட்டியைச் செல்லமாக மேலே இழுத்துக்கொண்டது. சட்டைகள் மளமளவென்று மடிந்து விழுந்தன.

"இது யாரு பண்ணினது?"

"நான்தான். ஏன், நல்லா இல்லையா?"

"அபாரங்க" என்றாள். மனதாரச் சொன்னாள். இவ்வளவு காலமும் ஊரெல்லாம் தேடி அலைந்தது தன் வீட்டுக்காரர் கையிலேயே இருந்திருக்கிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. சொந்தக் கைபேசியை எடுத்தாள். சார்ஜ் செத்துக் கிடந்தது. பைக்குள் அலுவலகக் கைபேசி இருந்தது. அதை எடுத்தாள்.

கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஸ்டூலைப் போட்டு ஏறினாள். வளையல்களை எடுத்தாள், டியூபை எடுத்தாள், கம்பியின் கோடியில் வயரும் எக்ஸ்டென்ஷனும் சேர்கிற மூட்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எடுத்தாள். நீல டேப்பைச் சுற்றி அவர் போட்டிருந்த தையல்காரர் முடிச்சு அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவர் காது சிவந்திருந்தது. படத்துக்குப் ‘பறக்கும் இஸ்திரி’ என்று அங்கேயே பெயர் வைத்தாள்.

அலுவலகக் கைபேசியில் எடுக்கிற எந்தப் படமும் எடுத்த இடத்தின் முகவரியோடு தானாகவே அலுவலகத்துக்குப் போய்விடும். இது அவளுக்குத் தெரியாததில்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறவளே அவள்தான். அன்றைக்கு மட்டும் அது அவள் மண்டையில் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலையில் கணவர் போன் செய்தார். அவர் வேலை நேரத்தில் போன் செய்கிற ஆளே இல்லை.

"உங்க ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க. கடைக்கு சீல் வைக்கணுமாம்."

"யாரு? எதுக்கு?"

"நீதான் படம் எடுத்து அனுப்பினியாம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. புரியாமல் கேட்கிற குரலாக இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அலுவலகத்துக்குள் அவள் புகுந்த வேகத்தில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். வருகிற படங்களைத் தரம் பிரிக்கிறவருக்குச் ‘சிவப்பு மை’ என்று பெயர். மை போய்க் கணினி வந்தும் பெயர் போகவில்லை. அவர் ‘அபாயம்’ என்று ஒரு தட்டுத் தட்டினால் கடை பூட்டுதான். பூட்டிய கடையைத் திறக்க, பழுதைச் சரிசெய்து, மனு போட்டு, வேறொரு ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது.

"சார், அது எங்க வீட்டுக்காரர் கடை. நான் சும்மா ஆசைக்கு எடுத்தேன்."

"ஆசைக்கா?" என்றார் சிவப்பு மை. "முகவரி வந்துச்சு, படம் வந்துச்சு. ஆசைன்னு ஒண்ணு கூட வரலையே மேடம்."

அவரிடம் பேசிப் பயனில்லை என்று நேரே தலைமை அலுவலரின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார்.

"வேலியே பயிரை மேஞ்சா கோபம் வரும். இங்க வேலி வீட்டுக்காரனையே குத்திடுச்சே. சரி விடும்மா. படம் தவறுதலா எடுத்தது, ஆபத்து எதுவும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. இப்பவே பூட்டை எடுக்கச் சொல்லிடறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கேயே நின்றபடி எழுதினாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் பாக்கி. தாளை வாங்கிப் பதிவு செய்ய வந்த சிவப்பு மை, வாசலிலேயே நின்றார்.

"படத்த ஒரு தடவை பாத்துட்டுப் போடுங்க மேடம்."

"நான் எடுத்த படம் சார். நான் பாக்காததா?"

"பாத்திருப்பீங்க. இன்னொரு தடவை பாருங்களேன். என் மேசைக்கு வந்தா போதும்."

அந்த ஆளின் வாயை அடைப்பதற்காகத்தான் போனாள். அவர் படத்தைப் பெரிய திரையில் போட்டார். வளையல்கள், கம்பி, டியூப். எத்தனை தடவை பார்த்தாலும் அழகுதான். அவர் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். நீல டேப். கணவர் போட்ட முடிச்சு. முடிச்சுக்குக் கீழே டேப் நீலமாக இல்லை. கருகிச் சுருங்கியிருந்தது. பெட்டி போய்ப்போய் வந்ததில் வயரின் உறை மடிந்து மடிந்து வெடித்து, உள்ளே செம்புக் கம்பி மினுங்கியது. அதற்கு நேர் கீழே, வெட்டி அடுக்கிய சீருடைத் துணி.

வேறொருவர் கடையில் இதைப் பார்த்திருந்தால் அவள் அந்த இடத்திலேயே மெயின் சுவிட்சை அணைத்திருப்பாள்.

ஸ்டூலில் ஏறி, மூக்கு இடிக்கிற தூரத்தில் முகத்தை வைத்து, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறாள். இதைப் பார்க்கவில்லை. கண் இருந்த இடத்தில் புண்ணா இருந்தது?

சரி, இப்போது என்ன குடிமுழுகிவிட்டது என்று உடனே மனசு வக்காலத்துக்கு வந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நேரே கடைக்குப் போய் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாற்றினால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. சனிக்கிழமை சட்டையெல்லாம் ஓட்டலுக்குப் போய்விடும். நியாயமான யோசனைதான். ‘கையெழுத்தப் போடுங்க மேடம், சாயங்காலத்துக்குள்ள மாத்திடறேன்’ என்று கெஞ்சாத கடைக்காரர் இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? ரொட்டிக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அச்சகத்துக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்திச் சொன்னார். அத்தனை பேர் முகத்துக்கு நேராகவும் முடியாது என்று சொன்ன வாய் இது. ஆபத்து எதுவும் இல்லை என்று எழுதிய தாளில் இப்போது எப்படிக் கையெழுத்துப் போடுவது?

சிவப்பு மை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவளைப் பார்க்கவில்லை. அதற்காகவாவது அவரை மன்னிக்கலாம் போலிருந்தது. மன்னிக்கவும் மனசு வரவில்லை. அவர்மேல் ஆத்திரம், கைபேசிமேல் ஆத்திரம், வளையலைக் கண்டுபிடித்த கணவர்மேல்கூட ஆத்திரம். எல்லாம் சுற்றிச்சுற்றித் தன் தலையிலேயே வந்து விழுந்தது. தாளை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

கடை வாசலில் கணவர் படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கதவில் சீல். தையல்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார் போலிருக்கிறது.

"கையெழுத்துப் போட்டுட்டியா? உங்க ஆபீஸ்லேருந்து போன்ல சொன்னாங்க, நீ போட்டா திறந்துடலாமாமே."

"போடலைங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மூட்டு எரிஞ்சிருக்கு. டேப் கருகிப்போய் உள்ள செம்பு தெரியுது. கீழயே துணியை அடுக்கி வச்சிருக்கீங்க. நான் எப்படிங்க போடுவேன்?"

கத்துவார் என்று நினைத்தாள். கத்தினால் நல்லது, தானும் பதிலுக்குக் கத்தலாம் என்றுகூட நினைத்தாள். அவர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கறுத்திருக்கறது. லேசா வாடை வந்துச்சு. பயந்துபோய் எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி வச்சிருந்தேன். மறுநாள் காலையில வரேன்னு சொல்லியிருந்தான். அன்னைக்குத்தான் நீ சாப்பாடு கொண்டு வந்த. ஸ்டூல் போட்டு ஏறின. அந்த மூட்டுக்கிட்ட மூஞ்சிய வச்சு எவ்வளவு நேரம் பாத்த. இறங்கி அபாரம்னு சொன்ன."

"அது..."

"இவளே பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டா, இதுக்கு மேல யாரு பாக்கணும்னு அவன வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். "நான் படத்துக்குத்தாங்க பாத்தேன்" என்று மட்டும்தான் வந்தது. சொன்ன பிறகு சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஓட்டல் மேலாளரைக் கூப்பிட்டார்.

"சார், சனிக்கிழமைக்கு ஆகாது போலிருக்கு... இல்ல சார், உடம்புக்கு ஒண்ணுமில்ல. கடையில வயர் கோளாறு... ஒரு வாரம் ஆகும்... வேற டெய்லர்கிட்டயா? சரிங்க சார். அவங்கிட்டயே குடுத்துடுங்க. நல்லா தைப்பான்."

அவர் பேசி முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். படியில் அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. போய் உட்காரத்தான் அவளுக்குத் தைரியம் வரவில்லை.