ராம்ப்பில் உட்கார்ந்த மாமனார்

ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகக் குந்தவைத்த நாளிலிருந்து மாரிராஜின் காருக்கு டீப் பழக்கம் வந்துவிட்டது. ஸ்டியரிங்கை எப்படிப் பிடித்தாலும் இடதுபக்க டீக்கடைக்குத்தான் போகும். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில், மாப்பிள்ளை பார்க்கக் கோவில்பட்டியிலிருந்து வந்த சுடலைக்கண்ணுவையும் மகள் கவியாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவனுக்கு, ஒரகடம் சேர்வதற்குள் கடை கடையாக டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசிக் கடைக்காரர் கார் திரும்புவதைப் பார்த்ததுமே கிளாஸைக் கழுவ ஆரம்பித்தார்.

“ஏன் மாப்ள, கார் கம்பெனியில நீங்க சக்கரத்த நேராக்குனாத்தான் வண்டியே வெளிய போவும்னு போன்ல சொன்னீய?” என்றார் சுடலைக்கண்ணு.

அது போனில் விட்ட கப்ஸா. வேறு வழியில்லாமல், சக்கரத்தை நேராக்கும் அலைன்மென்ட் கடையில் நிறுத்தினான்.

கடைக்காரர் சாம்சன் குனிந்து பார்த்தார். “யாரும் எறங்காதீங்க. உசரம் எறக்கின வண்டிக்கு ஆள் வெயிட்டோட வச்சாத்தான் கரெக்டா வரும்.” மாரிராஜை மட்டும் வெளியே அழைத்துவிட்டு, மற்ற இருவரோடு காரை ராம்ப் என்ற இரும்பு மேடையில் ஏற்றித் தூக்கினார். சுடலைக்கண்ணு தேரில் ஏறிய சாமிபோல ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

“மாப்ளைக்கு இதான் வேல. அவரையே கேளுங்க!”

“அப்படியா சார்? டயர் மேல்பக்கம் உள்ள சாஞ்சிக்கினு கீது. வளைவுல வேகமா போவியா, சாய்ச்சே வுட்டுர்றேன். டயர் ஒழைக்கணுமா, நிமித்துறேன். இன்னா வைக்கட்டும்?”

மாரிராஜ் மெஷின் திரையைப் பார்த்தான். “பச்சை... பச்சையா வைங்க.”

“மெஷின்ல பச்சை எரியறது கம்பெனி உசரத்துக்கு சார். இது குந்திக்கினு கீது. டயர் முன்பக்கம் உள்ள திரும்பற டோ எவ்ளோ?”

“அஞ்சு டிகிரி.”

சாம்சன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். “மறைமலை நகர் போறதுக்குள்ள டயர் தேஞ்சி அப்பளம் ஆயிடும்.”

மாரிராஜின் காதுச் சூட்டில் பக்கத்திலிருந்த கிரீஸ் டப்பா இளகியது என்று சாம்சன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். அவன் தன் ஷூவைப் பார்த்துச் சொன்னான்:

“நான் அலைன்மென்ட் பண்றதில்ல மாமா. மெஷின்ல பச்சை எரிஞ்சா கண்ணாடியில ஓகே ஸ்டிக்கர் ஒட்டுவேன். அவ்வளவுதான்.”

“எறக்குங்கய்யா வண்டிய,” என்றார் சுடலைக்கண்ணு.

இறக்கினார்கள். அவர் இறங்கினார், கார் பெருமூச்சு விட்டு எழுந்தது. கவியா இறங்கவில்லை. நகர்ந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, நிமித்தியே வைங்க. ரெண்டு பேர் வெயிட்டுக்கு. அப்பா தினமுமா வரப்போறாங்க?” பிறகு மாரிராஜிடம், “உக்காருங்க. வெயிட் வேணுமாம்ல.”

உட்கார்ந்தான். அவள் பக்கம் திரும்பத் தெம்பில்லை. வெளியே சுடலைக்கண்ணு முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, சாம்சன் நீட்டிய டீயை வாங்கினார். சாம்சன் வண்டியை மறுபடி தூக்கி, முடுக்கி முடித்து, “ஓகே சார்” என்றார். மாரிராஜின் கட்டைவிரல் தன்னாலே எழுந்து, இல்லாத ஸ்டிக்கரை முன்கண்ணாடியில் அழுத்தித் தேய்த்தது.

கவியா பார்த்துவிட்டாள். அவன் விரலை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.