துரைசானி பார்க்க வேண்டிய முள்

துரையின் காரில், வேகம் காட்டும் முள்ளுக்கு மேலே ஒரு குட்டி விளக்கு இருந்தது. புளியங்கொட்டை அளவு பல்பு. அது எரிந்தால் இருட்டிலும் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். எரியாவிட்டால் தெரியாது. அதற்கு வேறு வேலையே கிடையாது. அந்தப் புளியங்கொட்டைக்காக, 1931-ஆம் வருஷம், மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டமே பகல் முழுக்கத் தலைகீழாக நின்றது.

முள்ளைப் பார்க்க வேண்டியவர் துரை இல்லை, துரைசானி. முந்தின வருஷம் ஆயர் ஈத்தாம் போகும் வழியில் ஒரு வளைவில் துரை வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் துரைசானியின் தொப்பி போனது போனதுதான். அன்றைக்கு அந்த அம்மாள் போட்ட சட்டம்: இனி மணிக்கு இருபது மைலுக்கு மேல் போகக் கூடாது. அன்றிலிருந்து காரில் ஏறினால் அவர் ரோட்டைப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்ப்பதில்லை, முள்ளைத்தான் பார்ப்பார். ஆயுதபூஜைக்கு மறுநாள் விளக்கு அணைந்து போனதும், பொழுது சாய்ந்த பிறகு பயணம் என்றாலே இருவருக்கும் வாய்ச்சண்டை. "எவ்வளவு வேகம்?" என்று துரைசானி கேட்பார். "இருபது" என்பார் துரை. காற்று காதைப் பிய்க்கும்.

ஒரு மாதம் இப்படியே போனது, ஒரு சனிக்கிழமை காலை. பசியாறும் மேசையில் துரைசானி முடிவாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் குளுவாங் கிளப்பில் விருந்து. விளக்கு எரிந்தால் வருவேன், இல்லாவிட்டால் துரை தனியாகப் போகட்டும். குளுவாங்கில் நல்ல பட்டறை இருந்தது. வண்டியை அங்கே அனுப்பியிருந்தால் கதையே இல்லை. துரை என்னவோ, "பட்டறை எதற்கு? நம்மிடம்தான் செல்லப்பன் இருக்கிறானே" என்று சொல்லி, வாசலுக்கு வந்து செல்லப்பனைக் கூப்பிட்டார்.

"செல்லப்பா, இன்னிக்கி சாயங்காலம் வெளக்கு எரியணும். எரியல்லே, நாளைக்கி நீ பெரட்டுக்குப் போ. பால் வாளி தூக்கு. தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிதுங்க தொரே."

செல்லப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை. மூன்று மாதத்துக்கு முன்னால் துரை காருக்கு ஆள் தேடியபோது, ஜொகூர் பாருவில் கார்ப் பட்டறையில் இரண்டு வருஷம் இருந்தவன் என்று சொல்லி அந்த வேலைக்கு வந்தவன் அவன். இருந்ததென்னவோ நிஜம். அங்கே தண்ணீர் தூக்கினான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டான். ஓட்டத் தெரியுமா என்று கேட்டதற்கும் தெரியும் என்று அடித்துவிட்டான். துரை ஸ்டீரிங்கை யாருக்கும் கொடுக்காதவர் என்பதால் பிழைத்தான். வண்டியைக் கழுவுவதும், முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றுவதும், பின்சீட்டில் உட்கார்ந்துபோய்க் கேட்டுகளைத் திறந்துவிடுவதும்தான் அவன் வேலை.

அந்த வேலையோடு பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டை வந்தது. பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை வந்தது, உள்ளே தாழ்ப்பாள் போடுகிற மாதிரி. கூலிகளின் லயத்தில் இருந்தவரை அவன் மனைவி அங்கம்மா விடியுமுன்னே எழுந்து வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, இருபுறமும் வாளி தொங்கும் காண்டாக்கட்டையில் ரப்பர்ப் பால் சுமந்து சுமந்து தோள் கன்றிப் போனவள். இப்போது பங்களாவில் துணி வெளுக்கிறாள், தோள் ஆறிவருகிறது. விளக்கு எரியாவிட்டால் இரண்டு பேரும் திரும்பவும் லயத்துக்கு.

டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, தட்டுத் தடவி, பல்பைக் கழற்றினான். தோட்டத்துக் கணக்கர் கிராணியாரின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ரெங்கத்துக்கு மிதித்தான். சாமான் கடைச் சீன முதலாளி, தவுக்கே, பழைய பல்பைப் பார்க்காமலே புதிது ஒன்றை எடுத்து, பேட்டரியில் வைத்துக் காட்டினார். பளிச்சென்று எரிந்தது. "ஹிடுப்!" என்றார். உயிரோடு இருக்கிறதாம். தோட்டத்துக்கு வந்து மாட்டி, சுவிட்சைப் போட்டால் உயிரில்லை. மறுபடி சைக்கிள், மறுபடி கடை. அதே பல்பு பேட்டரியில் எரிந்தது. சரி, வேறு ஒன்று. அதுவும் கடையில் ஹிடுப், காரில் செத்தது. மூன்றாம் தடவை அவன் வேர்வை வழியப் போய் நின்றபோது தவுக்கே பல்புப் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

"பல்பு ஹிடுப்," என்றார். "லு மாத்தி!" பல்பு நன்றாகத்தான் இருக்கிறது, செத்தது நீதான் என்று அர்த்தம். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தபோது ஐயாசாமிக் கங்காணி கார் கொட்டகை வாசலில் காத்திருந்தார். தோட்டத்தில் எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் அவர். விஷயத்தைக் கேட்டு, மீசையைத் தடவி, மூன்று பல்பையும் முகர்ந்தும் பார்த்தார்.

"கடையில எரிஞ்சிச்சில்ல?"

"எரிஞ்சிச்சி கங்காணி."

"கடைக்குள்ள இருட்டாடா?"

"இருட்டுதான்."

"இங்க வெய்யிலு. பகல்ல நட்சத்திரம் தெரியுதா ஒனக்கு? தெரியாது. அதுக்காக வானத்துல நட்சத்திரம் இல்லாமயா போச்சி? வெளக்கு எரிஞ்சிக்கிட்டுத்தாண்டா இருக்கு. ஒன் கண்ணுக்குத் தெரியல. வண்டிய இருட்டுல வெச்சிப் பாக்கணும் லா."

செல்லப்பனுக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. காலையிலிருந்து அவன் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான். ஆனால் நடுப்பகலில் இருட்டுக்கு எங்கே போவது? தோட்டத்தில் பகலிலும் கும்மிருட்டாக இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகை போடுகிற புகைக்கொட்டகை. ஷீட்டு வண்டிகள் போய்வர அதன் வாசல் அகலமானது. காரும் நுழையும்.

பால்வெட்டு முடித்து வந்த பன்னிரண்டு ஆட்களைக் கங்காணி பிடித்து நிறுத்தினார். துரையோ மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். ஆட்கள் "ஐலேசா" போட்டுத் தள்ள, வாழ்க்கையில் முதல் தடவையாக ஸ்டீரிங்கைப் பிடித்தபடி செல்லப்பன் உட்கார்ந்திருக்க, பால்நிறக் கார் பெரட்டுக்களத்தைக் கடந்து ஊர்வலம் போனது. லயத்துப் பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஒருத்தி சாமி ஊர்வலம் என்றே நினைத்துக் கும்பிட்டாள். உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கிறது, வண்டியில் பெட்ரோல் இருக்கிறது என்ற இரண்டு விஷயங்களையும் சேர்த்து யோசிக்க அங்கே ஒருவரும் இல்லை. கடவுள்தான் காப்பாற்றினார்.

கதவைச் சாத்தினார்கள். உள்ளே செல்லப்பனும் கங்காணியும் மட்டும். செல்லப்பன் சுவிட்சைப் போட்டான்.

"எரியுதாடா?" கங்காணி இருமிக்கொண்டே கேட்டார்.

"எரியுது கங்காணி. கண்ணுதான் எரியுது. வெளக்கு எரியல."

"பொறு. சூடு ஏறட்டும்."

பொறுத்தார்கள். சூடு ஏறியது, புகையும் ஏறியது. ஷீட்டுக்குச் செய்வதைப் புகை காருக்கும் செய்தது. கால் மணி கழித்துக் கதவைத் திறந்தபோது வெளியே வந்த வண்டி பால்நிறத்தில் இல்லை. வெல்லப்பாகு நிறத்தில் பிசுபிசுவென்று இருந்தது. கருவாட்டு வாடை வேறு. ஐயாசாமிக் கங்காணி அதை ஒரு தடவை பார்த்தார், அவசர ஜோலி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

கொட்டகைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து போட்டதும் செல்லப்பன் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அங்கம்மா இரண்டு வாளி வெந்நீர், சவுக்காரக்கட்டி, தேங்காய் நார் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அழுதா வெளுக்குமா? நீங்க உள்ள போயி ஒங்க வேலையப் பாருங்க. இத நான் பாத்துக்கிறேன்."

அவன் சுவிட்சைப் போட்டுவிட்டு மறுபடி டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். அவள் மேலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மாதிரி வண்டியில் முன்னாலிருக்கும் குட்டி விளக்கும் பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கும் ஒரே கம்பியில் அடுத்தடுத்துக் கோத்தவை. ஒன்று போனால் மற்றதும் போகும். பின்விளக்கு போனது ஓட்டுகிறவருக்கு இருந்த இடத்திலேயே தெரியட்டும் என்று எவனோ ஒரு கெட்டிக்காரன் செய்த ஏற்பாடு. ஆயுதபூஜை அன்று செல்லப்பன் காரின் ஒவ்வொரு உறுப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தான். பின்விளக்கிடம் வந்தபோதுதான் யோசனை வந்தது. சிவப்புக் கண்ணாடியில் சிவப்புப் பொட்டு வைத்தால் சாமிக்கு எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கழற்றிப் பல்பை எடுத்தான். முகத்தில் வைத்தால் வெளிச்சத்தை மறைக்கும் என்று, மரியாதையாக அதன் அடியில், மின்சாரம் ஏறுகிற அந்த ஒற்றைப் புள்ளியில், கெட்டியாகச் சந்தனம் அப்பி, மேலே குங்குமமும் வைத்து, திரும்ப மாட்டிவிட்டான். பக்தியில் குறையே சொல்ல முடியாது.

அங்கம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. சிவப்புக் கண்ணாடிக்குள்ளும் புகை புகுந்திருந்ததைப் பார்த்தாள். அழுக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிற கை இல்லை அவளுடையது. கழற்றினாள், பல்பை எடுத்தாள், முந்தானையால் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தாள், திருகி மாட்டினாள்.

உள்ளே செல்லப்பனின் மூக்குக்கு நேராகக் குட்டி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"எரியுது! அங்கம்மா, எரியுது! நான் ஏத்திட்டேன்!"

"இங்கயும் ஒண்ணு எரியுதுங்க."

"அது கெடக்கட்டும் புள்ள, இங்க வந்து பாரு!"

அவள் வந்து பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நாரை எடுத்துக்கொண்டு மீதியைத் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆறரை மணிக்குத் துரையும் துரைசானியும் விருந்துக்கு உடுத்திக்கொண்டு வந்தார்கள். செல்லப்பன் சுவிட்சைப் போட்டுக் காட்டினான். துரைசானி கைதட்டினார். துரை மட்டும் சிரிக்கவில்லை. பல்பைப் பார்த்தார், செல்லப்பனைப் பார்த்தார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஏறி உட்கார்ந்தார். கருவாட்டு வாடை என்ன என்றுகூடக் கேட்கவில்லை.

குளுவாங் ரோட்டில் முதல் இரண்டு மைல் முள் இருபதில் நின்றது. துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். பொழுது இறங்கியது. நேரான ரோடு வந்ததும் ஒரு மாதத்துப் பழக்கம் காலுக்கு வந்துவிட்டது. முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தொட்டது. புத்தம் புது வெளிச்சத்தில் நாற்பது நன்றாகத் தெரிந்தது. இந்த ஒரு மாதமாக "இருபது" என்று துரை சொன்னபோதெல்லாம் இதே காற்றுத்தான் காதைப் பிய்த்தது என்பது துரைசானிக்கு அப்போது விளங்கியது.

"நிறுத்து!"

வண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்றது. இங்கிலீஷில் சரமாரியாக நடந்தது. பின்சீட்டில் இருந்த செல்லப்பனுக்குச் சொற்கள் புரியவில்லை, விஷயம் புரிந்தது. விளக்கு செத்ததில் இந்தத் தோட்டத்திலேயே சந்தோஷப்பட்டவர் ஒருவர்தான். அது எரியவே எரியாது என்று நம்பித்தான் அவர் வேலையைத் தன்னிடம் கொடுத்திருக்கிறார்! அவனுக்கு அவமானமாக இருந்தது.

துரை சட்டென்று திரும்பித் தமிழில் பேசினார். துரைசானிக்குத் தமிழ் தெரியாது. "செல்லப்பா! வெளக்கு போடறப்போ நீ முள்ளைக் கெடுத்துட்டே. அப்பிடி அம்மாகிட்டே சொல்லு. சொல்லு!"

துரைசானியும் திரும்பி, கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில் கேட்டார், முள்ளைத் தொட்டாயா என்று.

தொட்டேன் என்றால், சாமானைக் கெடுத்தவன் என்று துரைசானி விரட்டுவார். தொடவில்லை என்றால் துரை விரட்டுவார். எந்தப் பக்கம் போனாலும் பால் வாளி. அங்கம்மாவின் தோள் அவன் கண்ணில் நின்றது. ஆனாலும், பிறந்ததிலிருந்து அவன் பழுது பார்த்த ஒரே சாமான் அந்த விளக்கு. வாளி தூக்குவது நிச்சயம் என்று ஆன பிறகு, முள்ளைக் கெடுத்தவன் என்ற பெயரையும் சேர்த்துத் தூக்குவானேன்?

"தடா, மேம்," என்று மலாயில் இல்லை என்றான். துரையிடம் தமிழிலும் சொன்னான்: "தொடல. வெளக்கு மட்டுந்தான் போட்டேன்."

துரைசானி கதவைத் திறந்து இறங்கினார். துரையையும் இறக்கினார். துரை பின்சீட்டுக்கு, செல்லப்பன் ஸ்டீரிங்குக்கு. இனிமேல் எப்போதும் இவன்தான் ஓட்டுவான் என்று தீர்ப்பாகிவிட்டது. ஓட்டத் தெரியும் என்று அடித்துவிட்டு வேலைக்கு வந்தவன், இப்போது தெரியாது என்று எப்படிச் சொல்வான்?

உட்கார்ந்தான். எதை மிதிப்பது என்று குனிந்து பார்த்தான். பின்னாலிருந்து துரை இதைக் கவனித்தார். ஒரு நிமிஷம் அவருக்கு நம்ப முடியவில்லை, அப்புறம் முகம் வெளுத்தது. அவரும் அந்த வண்டிக்குள்தான் இருந்தார். மெல்ல முன்னால் குனிந்து செல்லப்பன் காதோடு பேசினார்.

"எடது கால் மிதி. கம்பியத் தள்ளு. இப்போ மெதுவா, மெதுவா கால் எடு."

வண்டி இரண்டு குதி குதித்து நகர்ந்தது. நகர்ந்தது நகர்ந்தபடியே போனது. முள் ஐந்தில் நின்றது. மாட்டு வண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது; வண்டிக்காரன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். துரைசானி முள்ளைப் பார்த்தார். ஐந்து. திரும்பவும் பார்த்தார். ஐந்துதான். "பாகுஸ்," என்று செல்லப்பனை மெச்சினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் காரில் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. ஒரு மைல் போவதற்குள் தலை சாய்ந்து தூங்கியும் போனார்.

துரை எட்டிப் பார்த்தார். "தூங்கிட்டாங்களா?"

"தூங்கிட்டாங்க தொரே."

"விருந்து முடிஞ்சிடும் செல்லப்பா. கொஞ்சம் மிதி."

செல்லப்பன் முள்ளைப் பார்த்தான். சொந்த விளக்கு வெளிச்சத்தில் அது ஐந்தைக் காட்டிக்கொண்டு நின்றது. துரையின் குரலில் கெஞ்சல் இருப்பதை அவன் அப்போதுதான் கேட்டான்.

"நாளைக்கிப் பெரட்டுங்க தொரே?"

"பெரட்டு இல்லே. காலைல கார் கொட்டகைக்கு வா. ஓட்டச் சொல்லித் தர்றேன்."

"அங்கம்மாவுக்குங்க?"

"அவளுக்கும் இல்லே. எப்பவும் இல்லே. மிதிடா!"

செல்லப்பன் மிதித்தான்.