மதியத்தில் கலங்கும் தண்ணீர்

காலையில் பளிச்சென்று தெளிந்திருந்த தண்ணீர், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மோராக நிற்கிறது. ஒரு நாள் என்றால் ஏதோ கைத்தவறு என்று விடலாம். மூன்று நாளாக இதே கூத்து என்றால் சிவப்ரியா யாரைப் போய்க் கேட்பாள்?

காரைக்காலுக்கு வெளியே இருக்கும் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவள் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. பூச்சிமருந்து இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கும், சோப்பு மாதிரியான ஒரு திரவத்தை அவளிடம் கொடுத்திருந்தார்கள். இருபது டிகிரியில் அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று அவள் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான், வாய்க்காலில் கலந்தால் மீனுக்கு என்ன ஆகும் என்று அடுத்த அறையில் பார்ப்பார்கள். அதைக் கலந்த தண்ணீர்க் குடுவைகளைக் குளிரில் வைக்கும் தொட்டி ரிப்பேர். அறையின் ஏசியை நம்பித்தான் வேலை. குரும்பகரத்தில் அவள் அப்பா முத்தையன் வயலுக்கு அடிப்பதும் இந்த மாதிரிச் சரக்குதான் என்பதால், ஏனோதானோ என்று ஓர் எண்ணை எழுத அவளுக்கு மனசு வரவில்லை.

குழம்பிக் குழம்பிக் கடைசியில் அவள் கண்ணில் பட்டது குடுவை கழுவும் தையல்நாயகி. சோப்புத்தூளைச் சரியாக அலசாமல் விட்டிருப்பாள். படித்தவர்களுக்குப் பதில் கிடைக்காதபோது கழுவுகிறவள் மேல் சந்தேகம் வருவது புதிதா என்ன? மேலதிகாரி திருஞானசம்பந்தத்திடம் போய்ச் சொன்னாள்.

“நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா அந்தம்மாவ நிறுத்திடச் சொல்லிடுறேன்” என்றார் அவர்.

மறுநாள் தையல்நாயகி சிவப்ரியாவின் கண்ணெதிரே ஒவ்வொரு குடுவையையும் மூன்று தடவை அலசினாள். காலையில் தண்ணீர் தெளிவு. மதியம் மோர்.

“உங்க முன்னாடிதானே மேடம் அலசுனேன்” என்றாள் தையல்நாயகி. சிவப்ரியா குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அலசியதைப் பார்த்ததும் நிஜம், கலங்கி நிற்பதும் நிஜம்.

மற்ற நாளெல்லாம் கலங்கியதை உடனே கொட்டிவிடுவாள். அன்றைக்கு அதிகாரி கூட்டத்தில் இருந்ததால், அவரிடம் காட்டுவதற்காகக் குடுவையை ஃபிரிட்ஜில் வைத்தாள்.

நாலு மணிக்கு எடுத்தால் தண்ணீர் தெளிந்திருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது. அதிகாரியின் மேஜையில் அதை வைத்துவிட்டு, பொய் சொன்னவள் மாதிரி நின்றாள். வாசல் பக்கம் தையல்நாயகி.

திருஞானசம்பந்தம் குடுவையைத் தொட்டுப் பார்த்தார். “குளிர்ல தெளிஞ்சிருக்கு. அப்ப இது சூடு ஏறுனா கலங்குற சரக்கும்மா. ரூம்ல ஏசி ஓடுதுல்ல?”

“நாள் முழுக்க ஓடுது சார்.”

“சாப்பிடப் போறப்ப அணைச்சிட்டுத்தானே மேடம் போறீங்க” என்றாள் தையல்நாயகி.

“நானா?”

“தினமும். வந்ததும் நீங்களே போட்டுக்குறீங்க.”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த சிவப்ரியாவுக்கு அப்பாவின் குரல்தான் கேட்டது. ஆளில்லாத ரூம்ல யாருக்கு ஓடுது காத்தாடி? இருபத்திநாலு வருஷம் கேட்டுக் கேட்டு, எந்த அறையை விட்டு வந்தாலும் அவள் கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும். சித்திரை வெயிலில், ஜன்னலோர மேஜையில், ஒரு மணி நேரம் போதாதா?

“ஏன்க்கா முன்னாடியே சொல்லல?”

“சோப்பப் பத்தித்தானே மேடம் கேட்டீங்க.”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. புகாரைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அதிகாரியும் சரி என்று தலையாட்டினார்.

தையல்நாயகி நகரவில்லை. “வாயால சொன்னா போதாதுங்க. என் குடுவை சுத்தமா இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க.”

சிவப்ரியா பேனாவை எடுத்தாள். நாலு நாளாக எழுத முடியாமல் தவித்த அறிக்கையின் முதல் வரியாக அதையே எழுதினாள். குடுவைகள் சுத்தமாக இருந்தன. ஏசியை அணைத்தது நான்.