ஐம்பத்திரண்டு அங்குலக் கம்பு

கேளாமல் கொடுக்கிற கையை நம்பக்கூடாது. அரிசி குடோனில் பதினெட்டு வருசம் மூட்டை தூக்கிய ஜாபேஸ் யாரும் சொல்லித்தராமல் படித்துக்கொண்டது இது. முதலாளி தானாக டீ வாங்கிக் கொடுத்தால் அன்றைக்கு லாரியில் இருபத்தைந்து கிலோ சிப்பம் வராது, நூறு கிலோ மூட்டைதான் வரும். மேஸ்திரி "ரெண்டு நிமிசம் உக்காருலே" என்றால் அடுத்த லாரி தெருமுக்கு திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் அருமைநாயகம் அண்ணாச்சி துணியில் சுற்றிய ஒரு பில்லியர்ட்ஸ் கம்பைக் கொண்டுவந்து நீட்டியபோது, ஜாபேஸ் கம்பைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தான்.

"பிடியும் வே. அம்பத்திரெண்டு அங்குலம். உம்ம ஒசரத்துக்கு இதுதான் அளவு."

"இத்தன வருசமா அம்பத்தெட்டுலதான அண்ணாச்சி ஆடுதேன்?"

"அதான் தப்புங்கேன். ஞாயித்துக்கெழம வாற ஆளு கப்பல்ல இருந்தவரு. ஊரு ஊரா இந்த ஆட்டத்தப் பாத்தவரு. அஞ்சடி ஒரு அங்குலத்துல நின்னுக்கிட்டு நீரு நெட்டக் கம்பத் தூக்கினா, இவனுக்கு அளவே தெரியலன்னு எழுந்து போயிருவாரு. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகும்."

சுவரோரம் சாய்ந்து நின்ற மெர்வின் பல்லைக் காட்டினான். "வாங்கிக்கோங்கண்ணே. உங்களுக்கு அது நல்லா எடுப்பா இருக்கும்."

அந்தச் சிரிப்பை ஜாபேஸ் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அண்ணாச்சியின் பில்லியர்ட்ஸ் ஹால். ரெண்டே மேசை. பச்சைத் துணிக்கு அடியில் மேசை முழுக்கக் கல் என்பது அங்கே ஆட வருகிற பயல்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஜாபேசுக்குத் தெரியும். ஐந்து வருசத்துக்கு முன்னால் அந்தக் கல்லுப் பலகைகளைக் குறுகின படிக்கட்டில் ஏற்றியதே அவனும் இன்னும் மூன்று லோடுமேன்களும்தான். ஏற்றி முடித்த களைப்பில் நின்றவனிடம் அண்ணாச்சி ஒரு கம்பைக் கொடுத்து, "ஒரு அடி அடிச்சுப் பாரும்" என்றார். வெள்ளைப் பந்து போய்ச் சிவப்பை முட்டி, சிவப்பு பைக்குள் விழுந்தது. அந்தச் சத்தம் ஜாபேசைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு அங்கே ஆட்டம் இலவசம். பதிலுக்கு மேசை சாய்ந்தால் முட்டுக்கொடுத்துத் தூக்குவதும், துணி மாற்றும்போது கல்லைக் கழற்றி அடுக்குவதும் அவன்தான். இலவசமாக ஆடுகிறவன் கூலி கேட்க முடியுமா?

இப்போது அவனுக்கு முப்பத்தாறு வயசு. இடுப்பு எலும்புக்கு நடுவே இருக்கிற சவ்வு பிதுங்கிவிட்டது என்று ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இனி மூட்டை தூக்கினால் கால் விளங்காமல் போகும் என்றார் டாக்டர். மேஸ்திரிக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வந்துவிடும். ஆகையால் ஜாபேஸ் மாத்திரையை விழுங்கிக்கொண்டு தூக்கிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருந்த ஒரே வழி வண்ணார்பேட்டையில் திறக்கப்போகிற புது ஹால். அதன் சொந்தக்காரர் சிலுவை, கடற்கரைக்காரர், கப்பலில் இருபது வருசம் இருந்துவிட்டு வந்தவர். மேசையைப் பார்த்துக்கொள்ளவும் வருகிறவர்களுக்கு ஆட்டம் பழக்கிவிடவும் ஒரு ஆள் வேண்டும், உங்கள் ஹாலில் நன்றாக ஆடுகிற ரெண்டு பேரைச் சொல்லும் என்று அண்ணாச்சியிடம் கேட்டிருந்தார். அண்ணாச்சி ரெண்டு பேரைச் சொன்னார். ஒன்று ஜாபேஸ். இன்னொன்று மெர்வின், காலேஜ் முடித்துவிட்டு வேலையில்லாமல் ஹாலிலேயே கிடக்கிற பயல். ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் ஆடவேண்டும். சிலுவை வந்து பார்த்துத் தேர்ந்தெடுப்பார். வேலை ஒன்றுதான்.

வியாழக்கிழமையே அந்தக் குட்டைக் கம்பால் பத்துப் பந்து அடித்துப் பார்த்தான். ஏழு தவறியது. ஓங்கி அடித்தால் வெள்ளைப் பந்து இடது பக்கம் நழுவியது.

"பழக்கமில்ல வே, ரெண்டு நாள்ல வசப்படும்" என்றார் அண்ணாச்சி. சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். இத்தனை அடி உயரத்துக்கு இத்தனை அங்குலம் என்று வரிசையாக இருந்தது. ஐந்தடி ஒன்றுக்கு நேராக ஐம்பத்திரண்டு. தாள் பொய் சொல்லாதுதான். ஆனால் போன வாரம் அந்தச் சுவரில் அந்தத் தாள் இல்லை.

பஸ்ஸில் வரும்போது கம்பை மடியில் போட்டுக்கொண்டு அவன் யோசித்தான். உயரம் பார்ப்பது அவனுக்குப் புதுசில்லை. குடோனில் பளுவான சாமானை ரெண்டு பேராகச் சுமக்கும்போது தோள் உயரம் பார்த்துத்தான் சோடி சேர்ப்பார்கள். ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை என்றால் பாரம் முழுக்கக் குட்டைக்காரன் தலையில் இறங்கும். உயரத்துக்கு ஏற்ற ஆள், உயரத்துக்கு ஏற்ற கம்பு. நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் மெர்வினின் பல் வெள்ளையாகக் கண்முன்னால் நின்றது.

வீட்டில் அவன் மனைவி ரீபா துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைப்பவள் அவள். வெட்டுகிற மேசை கிட்டத்தட்ட பில்லியர்ட்ஸ் மேசை உயரம். ஜாபேஸ் ஓரத்துத் துணியை ஒதுக்கிவிட்டு, கம்பை நீட்டிக் குனிந்தான்.

"ஏங்க, அது கிறிஸ்டினாக்கா சேலைக்குள்ள ஜாக்கெட்டுத் துணி. கம்பு நுனி சாக்பீஸ் மாவு பட்டா என்னத்தான் சொல்லுவா." அப்புறம் ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் சுண்டுவிரலு அந்தரத்துல நிக்கி?"

அப்போதுதான் ஜாபேசே கவனித்தான். முன்கை செங்குத்தாகத் தொங்கும் இடத்தில் கம்பைப் பிடித்தால், கம்பு கைக்குள்ளேயே முடிந்துபோனது. சுண்டுவிரலுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அதைச் சரிக்கட்ட முழங்கையை முன்னால் இழுத்திருக்கிறான். அதில்தான் பந்து நழுவியிருக்கிறது.

"ஒசரத்துக்கு இதுதான் அளவாம்."

"யாரு சொன்னா? ஒசரத்தப் பாத்து நான் ஜாக்கெட்டுக் கை வெட்டினா கடைய மூடிட்டுப் போகவேண்டியதுதான். கைய விரிங்க." டேப்பை ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை இழுத்தாள். "அறுபத்தாறு. ஆளு அறுபத்தொண்ணு, கை அறுபத்தாறு. அஞ்சரை அடி ஆளோட கைய கடவுள் உங்களுக்கு மாட்டி விட்டுருக்காரு. ஒங்களுக்குச் சட்ட தைக்கும்போதெல்லாம் நான்தான கெடந்து தவிக்கேன்?"

ஜாபேஸ் கம்பை ஒற்றை விரலில் படுக்கவைத்துப் பார்த்தான். மூட்டை தூக்குகிறவனுக்குப் பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது விரலிலேயே தெரியும். கம்பு மூக்குப் பக்கம் சரிந்தது. நல்ல கம்பு வால்பக்கம் கனக்கும். திருப்பி வாலைப் பார்த்தான். அடி ரப்பர் புதுசு. அதன் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது. மற்றக் கம்புகளில் எல்லாம் அடியில் ரெண்டு கறுப்புப் பட்டை உண்டு. இதில் அரைப் பட்டைதான் இருந்தது.

"இது குட்டைக் கம்பு இல்ல ரீபா. நெட்டைக் கம்ப அறுத்திருக்கானுவ."

"யாரு?"

"அந்த மெர்வின் பயதான். சிரிச்சாம்லா."

"அண்ணாச்சிட்ட சொல்லிருங்க. ஞாயம் உள்ள மனுசன். கோயில்ல காணிக்கப் பை பிடிக்கவரு."

ஜாபேஸ் சொல்லவில்லை. வெள்ளியும் சனியும் வாயை மூடிக்கொண்டு ஹாலுக்குப் போனான். அறுத்த கம்பால் அடித்தான், தவறவிட்டான், ஓரக்கண்ணால் பார்த்தான். தவறும்போதெல்லாம் மெர்வின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணாச்சிதான் ஒவ்வொரு தடவையும், "நல்லா வசத்துக்கு வருது வே" என்றார். வராததை வருகிறது என்கிறாரே, அண்ணாச்சி கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று நினைத்தான். நினைப்பு அதோடு நிற்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இடுப்பு வலி என்று ரீபா தைலம் தேய்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பாடும் முடிந்து, நாலு மணிக்கு சிலுவை வந்தார். ஆறடி ஆள், பெரிய தொந்தி. முழுக்கைச் சட்டையை மணிக்கட்டில் மூன்று மடிப்பு மடித்து விட்டிருந்தார். நாற்காலியைக் கதவோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஜாபேஸ் சுவரிலிருந்து ஐம்பத்தேழு அங்குலத்தில் ஒன்றை எடுத்தான், தாளில் ஐந்தரை அடிக்கு நேராக இருந்த அளவு.

"ஏ ஜாபேஸ், உம்ம கம்பு எங்க?" என்றார் அண்ணாச்சி. "அது உமக்கு ஒசரம்லா."

சிலுவையும் புருவத்தைத் தூக்கினார். "ஆமா, கட்ட ஆளுக்கு எதுக்கு வே இம்புட்டு நீளம்?"

"எனக்குக் கை நீளம் சார்" என்றான் ஜாபேஸ். துணிச்சுருளைப் பிரித்து அறுத்த கம்பை மேசைமேல் வைத்தான். "இது குட்டையாப் பொறந்த கம்பு இல்ல. அறுத்தது. யாரு அறுத்ததுன்னு தெரிஞ்சிட்டு ஆடலாம்." மெர்வின் பக்கம் திரும்பினான். "சொல்லுலே. சிரிக்கத் தெரிஞ்சுதுல்லா?"

மெர்வினுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய எதுக்குப் பாக்கீங்க? நான் எதுக்கு அறுக்கேன்? அண்ணாச்சிதான் ஆசாரி கடைக்குக் கொண்டுபோனாரு. நான் பைக்க ஓட்டுனேன், அவ்வளவுதான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை என்று ஜாபேசுக்கு அப்போது உறுதியானது.

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒசரத்துக்குத் தோதா இருக்கட்டுமேன்னு..."

"எதுக்குன்னு கேட்டேன்."

"நீரு போயிட்டா வே..." அண்ணாச்சி மேசையைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த மாசம் ரெண்டு மேசைக்கும் துணி மாத்தணும். கல்லத் தூக்க நான் யாரப் பிடிப்பேன்? இவனா தூக்குவான்?"

ஐந்து வருசம் இலவசமாக ஆடிய ஆட்டத்தின் விலை என்னவென்று ஜாபேசுக்குப் புரிந்தது. கோபம் வரும் என்று நினைத்தான். வரவில்லை. முதலாளி வாங்கித்தந்த டீயை ஐந்து வருசமாகக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறோம், லாரியைத்தான் கவனிக்கவில்லை என்று தோன்றியது.

சிலுவை தொண்டையைச் செருமினார். "உங்க பஞ்சாயத்து பொறவு. ஆடுங்க."

ஆடினார்கள். மெர்வின் தன் பங்குப் பந்துகளை முடித்து, கடைசிக் கறுப்புப் பந்தையும் பைக்குள் தள்ளியபோது மேசையில் ஜாபேசின் பந்து ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. ஒரு பந்தில் தோற்றான்.

சிலுவை எழுந்தார். "ஆடத் தெரிஞ்சவன் ஊருக்கு நூறு பேரு உண்டு. இப்ப நான் ஒங்க ஹாலுக்கு முத மட்டம் ஆட வந்த ஆளுன்னு வச்சுக்கோங்க. எனக்கு ஒரு கம்பு எடுத்துக் குடுங்க."

மெர்வின் யோசிக்கவே இல்லை. ஹாலிலேயே நீளமான அறுபது அங்குலக் கம்பைக் கொண்டுவந்து நீட்டினான். "ஆறடிக்கு இதுதான் சார்."

ஜாபேஸ் சுவரிலிருந்து கம்பு எதையும் எடுக்கவில்லை. சிலுவையின் சட்டைக் கையில் இருந்த மூன்று மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சார், குனிஞ்சு நில்லுங்க. தொந்தி மேசையில முட்டாம. முன்கையத் தொங்கவிடுங்க." சிலுவை குனிந்தார். ஜாபேஸ் தன் கையிலிருந்த கம்பையே கொடுத்து, நுனியை வெள்ளைப் பந்துக்கு ஒட்டி வைத்தான். பிடிக்குப் பின்னால் நாலு விரல் மிச்சம் இருந்தது. "இதுதான். அம்பத்தேழு. அந்த அறுபது வாலு நீண்டு பொறத்தால ஆடும். ஒங்களுக்கு ஒடம்பு ஆறடி, கை அவ்வளவு இல்ல. சட்ட எடுக்கும்போது ஒங்களுக்கே தெரியும்."

சிலுவை ரெண்டு கம்பிலும் அடித்துப் பார்த்தார். அறுபதைச் சுவரில் சாய்த்தார்.

"நாளைக்கு வந்து சாவி வாங்கிக்கும்" என்றார் ஜாபேசிடம். பிறகு, சாதாரணமாக, "புதன்கெழம மூணு மேசை வருது. ரெண்டாவது மாடி. கல்லு ஏத்துறது உமக்குக் கைவந்த வேலைன்னு அருமைநாயகம் ஏற்கெனவே சொல்லியிருக்காரு" என்றார்.

ஜாபேஸ் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. சிலுவையின் முகத்தையே பார்த்தான். வேலை தருகிற கை. அதையும்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"ஏத்திரலாம் சார். ஆளு நான் கொண்டுவாரேன், நாலு பேரு, தோளு ஒசரம் ஒண்ணு போல உள்ளவங்க. கூலி நீங்க அவங்ககிட்ட குடுக்கணும். நான் தூக்கமாட்டேன். எனக்கு இடுப்பு போச்சு. படிக்கட்டுல நின்னு எப்படித் திருப்பணும்னு சொல்லுவேன், அவ்வளவுதான். முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க."

இத்தனை நாள் மறைத்ததை எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டான். நாளைக்குக் குடோனுக்குச் செய்தி போய்விடும். இனி அங்கே வழியில்லை.

சிலுவை சட்டைக் கையை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"நாலு பேரு போதுமா வே?" என்றார்.

"படிக்கட்டப் பாக்கணும் சார்" என்றான் ஜாபேஸ். "பாத்துட்டுச் சொல்லுதேன்."