பிசிறு நீக்கிய ஒப்பாரி

கச்சிராயபாளையத்தில் ஒரு சாவு வீட்டில் பாடிக்கொண்டிருந்த செந்தமிழ்ச்செல்வியைப் பாதியில் நிறுத்தினான், இறந்தவரின் மூத்த மகன்.

"யக்கா, யூட்யூப்ல இருக்கற மாதிரி பாடுங்க. இது வேற மாதிரி இருக்குது."

"அதுவும் நான் பாடினதுதாங்க."

"அதுல கரெக்டா இருக்குது. நீங்க இங்க இழுத்துக்கினே போறீங்க."

போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி ஓடவிட்டான். உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போன அவள் தம்பி அய்யப்பனுக்காக அவளே கட்டிய ஒப்பாரி. ஸ்டுடியோவில் பாடிக் கொடுத்ததோடு சரி, அதைத் திரும்பக் கேட்க அவளுக்கு மனசு வரவில்லை. இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

'எங்கய்யா போனே, ஏஞ்சாமி அய்யப்பா' என்ற இடத்தில் அன்றைக்கு அவள் குரல் உடைந்து சரிந்து, பேரைப் பாதியில் விழுங்கியிருந்தது. போனில் அந்தப் பேர் படிக்கட்டு ஏறுவதுபோல ஒழுங்காக ஏறி, பளபளவென்று நின்றது. கீழே தாளம் வேறு. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே பாடி முடித்தாள். முடித்த கையோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரவூப் பாய் மைக் செட் வாடகைக்கு விடுகிறார். அவள் பாடப் போகும் வீடுகளுக்கெல்லாம் அவர் செட்டுதான் போகும். பழைய இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்ப்பதில் அவருக்குப் பைத்தியம். அவள் கொட்டித் தீர்த்ததைக் கேட்டுவிட்டு, ஒரு தட்டை எடுத்துச் சுழலவிட்டார். ஒரு பெண் தொண்டை கிழியக் கத்தினாள். யாரோ துரத்துவதுபோலப் பாட்டை முடித்தாள். முடித்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொன்னாள்.

"அப்போ மைக் கிடையாது. கொழாய்க்குள்ள கத்தினாத்தான் பதியும். மூணு நாலு நிமிசத்துல தட்டு தீந்துடும், அதான் அவசரம். பாடினது யாருன்னு தெரியணுமில்ல, அதுக்குத்தான் கடைசில பேரு." அடுத்த தட்டில் ஒருவர் காதோடு ரகசியம் பேசுவதுபோலப் பாடினார். "மைக் வந்துச்சு, கத்தறது நின்னு போச்சு. அப்பறம் கேசட் வந்துச்சு, நிறுத்தி நிதானமா பாடினாங்க. மிசினுக்கு ஏத்த மாதிரிதாம்மா மனுசன் பாடிக்கினு வந்துக்கீறான். இதுக்குப் போயி கோவப்பட்டு இன்னா பண்றது?"

"பாய், அந்தம்மா தானா கத்துச்சு. இவரு தானா கொரலை எறக்கினாரு. என்னை எவன் கேட்டான்? நான் ஒரு மாதிரி அழுதேன், அவன் வேற மாதிரி அழ வெச்சிருக்கான்!"

அவள் எழுந்து நடந்தாள்.

ஸ்டுடியோக்காரன் தமிழரசன் அவளைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"என் பாட்டை இன்னா பண்ணி வெச்சிருக்கே?"

"அங்கங்க பிசிறு அடிச்சுதுக்கா, சுருதி வெலகிப் போச்சு. கம்ப்யூட்டர்ல சரி பண்ணேன். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. எவ்ளோ பேரு கேட்டுக்கீறாங்க தெரியுமா?"

"நீ சரி பண்ண எடத்துல என் தம்பி பேரு இருக்குதுடா! பேரைச் சொல்ல முடியாம தொண்ட அடைச்சுது. அது உனுக்குப் பிசிறா? நாளைக்கு உங்கம்மா உன்னைக் கட்டிக்கினு அழுதா, சுருதி பாப்பியா?"

அவன் முகம் சுருங்கியது. "அழிக்க முடியாதுக்கா. ஆயிரம் பேரு எறக்கி வெச்சிருப்பான்."

"அழிக்க வேணாம். நான் பாடினது இருக்குதில்ல, அத்தப் போடு. ரெண்டும் கெடக்கட்டும்."

"யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்காம போவட்டும். போடு."

அவன் அதைப் போட்டு முடிக்கும்வரை வாசலை மறித்துக்கொண்டே நின்றாள்.

தமிழரசன் சொன்னதுதான் நடந்தது. கேட்டவர்கள் சொற்பம். 'அக்காவுக்குக் குரல் போய்விட்டது', 'முதலில் வந்ததுதான் சூப்பர்' என்று கீழே எழுதினார்கள். சாவு வீடுகளிலிருந்து அவளுக்கு வரும் அழைப்பும் குறைந்தது. அந்த முதல் பாட்டைப் போனிலேயே போட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் மணலூர்பேட்டையிலிருந்து அய்யப்பன் மனைவி ஆண்டாள் பேசினாள். எடுத்த எடுப்பிலேயே சண்டை.

"எதுக்கு அண்ணி இத்தப் போட்டீங்க? மொத பாட்டுல அவரு யாரோ மாதிரி இருந்தாரு. கேட்டுக்கினே சமைச்சேன், துணி தொவைச்சேன். இத்தக் கேட்டதுலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கல. நல்லாருப்பீங்களா நீங்க?"

செந்தமிழ்ச்செல்வி திருப்பித் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை.

"யாரோ செத்தா சோறு எறங்கும் ஆண்டாளு," என்றாள். "செத்தது நம்ம அய்யப்பன்."

மறுமுனையில் ஆண்டாள் போனை வைக்காமலே அழத் தொடங்கினாள்.