நூற்றைம்பது குவிண்டால் தொல்செத்தோ

ரெமிஜோ தன் தோட்டத்து உச்சியில் நின்று கல்லை விட்டெறிந்தால் பெயர்பெற்ற ஒயின் மாளிகைகளில் மூன்றின் கூரை உடையும். அவன் கை நீளம் என்பதால் இல்லை, அந்தக் கூரைகள் அவ்வளவு பெரிது. ஆனால் அறுபத்தொரு வயதுவரை அவற்றில் ஒன்றின் வாசற்படியைக்கூட அவன் மிதித்ததில்லை. செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டி, கழுத்து முறியும் அளவுக்கு டை இறுக்கி, பழைய பாண்டா காரில் அக்கா ஒனொரீனாவுக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்து போனதைப் பார்த்தவர்கள், அந்த ஊரில் யாரோ செத்துப்போயிருக்க வேண்டும் என்று தொப்பியைக் கழற்றினார்கள்.

சாகவில்லை. சாகக் கிடந்தது திராட்சை.

இருபத்திரண்டு வருஷமாக அவன் தோட்டத்துத் தொல்செத்தோ திராட்சையை ஒரு பழம் மிச்சமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்த வியாபாரி, போன வாரம் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டான். “இந்த வருஷம் வேணாம் ரெமிஜோ. போன வருஷத்து ஒயினே கெடங்குல மெதக்குது. அக்காவைக் கேட்டதாச் சொல்லு,” என்று வைத்துவிட்டான். வேறு திராட்சையாக இருந்தால் பத்து நாள் பொறுத்து ஆள் தேடலாம். தொல்செத்தோவுக்குப் பொறுமை கிடையாது. பழுத்த பிறகு நாலு காலை குளிர்ந்தால் போதும், கோபித்துக்கொண்டு காம்பைவிட்டுக் கழன்று மண்ணில் விழும். காலையில் காபி ஆற்றும்போதே ரெமிஜோவுக்கு அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. பிழிந்து வைக்க அவனிடம் தொட்டியில்லை, பீப்பாயில்லை. விளைவிக்க மட்டுமே தெரிந்த குடும்பம். நூற்றைம்பது குவிண்டாலை அக்காவும் தம்பியும் ஆளுக்குத் தினம் பத்து கிலோ வீதம் தின்றால் இரண்டு வருஷத்தில் தீர்த்துவிடலாம் என்று ஒனொரீனா கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

பெரிய மாளிகைகளுக்கு ஃபோன் செய்தால் இயந்திரம் பேசியது. நேரில் போனால் கம்பிக் கதவு திறக்கவில்லை. அப்போதுதான் ஒனொரீனாவுக்கு யோசனை வந்தது.

“விக்க வர்றவனுக்குத்தாண்டா கதவு சாத்தியிருக்கு. சுத்திப்பாத்துக் குடிக்க வர்றவனுக்கு ஆன்னு தொறந்து கெடக்கு. தலைக்கு முப்பத்தஞ்சு யூரோ கட்டிட்டு நாமளும் வெளியூர்க்காரங்க மாதிரி உள்ள போயிடுவோம். உள்ள போனதும் மொதலாளியைப் பிடிச்சுக் கேட்டுடு.”

“பக்கத்து மலைக்கு முப்பத்தஞ்சு யூரோவா?”

“மூணு எடத்துக்கும் பதிவு பண்ணி காசும் கட்டியாச்சு. வாயை மூடிட்டு டையைக் கட்டு.”

மாதிரி காட்டாமல் திராட்சை விற்க முடியாது. அவள் நல்ல கொத்து ஒன்றை ஈரத்துணியில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

முதல் மாளிகையைச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கண்ணாடி வீடு என்றுதான் சொல்லும். அதன் வாசலில் இரண்டு ஒட்டகச்சிவிங்கிகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு தாராளமாக உள்ளே போகலாம். உள்ளே ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம். ஒரு டாக்டர் வந்து சட்டையைக் கழற்று என்று சொல்லிவிடுவாரோ என்று ரெமிஜோ பயந்தான். வழிகாட்டிப் பெண் எஃகுத் தொட்டிகளைக் குழந்தைகள்போல ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தாள். பிறகு சுவரில் இருந்த பெரிய படத்தைக் காட்டி, அந்தச் சரிவு முழுவதும் நெப்பியோலோ திராட்சைக் கொடி என்றாள்.

“அந்த மூலை நெப்பியோலோ இல்லம்மா,” என்றான் ரெமிஜோ. “அங்க நெழலு. ஹேசல்நட் மரம்தான் இருக்கு. மூணாவது மரத்துல தேனீக்கூடு.”

கூட வந்த நார்வேக்காரர்கள் மகிழ்ந்துபோய் அவனைப் படம் எடுத்தார்கள். மாளிகைக்காரர்கள் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் அசல் விவசாயி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் அவன் மீசையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று சைகையில் கேட்டாள்.

“முதலாளி எங்கம்மா?” என்று ஒனொரீனா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“சிங்கப்பூர்ல இருக்காரு.”

“எப்ப வருவாரு?”

“கிறிஸ்துமஸுக்கு.”

ஒனொரீனா விடவில்லை. நீயாவது பார், பார்த்துவிட்டு அவருக்குச் சொல் என்று கைப்பையைத் திறந்தாள். கொத்து இருந்தது, பழம் இல்லை. காம்பு மட்டும் மீன்முள்ளைப்போல நின்றது. பழமெல்லாம் உதிர்ந்து மூக்குக்கண்ணாடிக்கும் ஜெபமாலைக்கும் நடுவில் உருண்டு கிடந்தது. அவள் ஒரு கைப்பிடி அள்ளி நீட்டினாள். வழிகாட்டிப் பெண் இரண்டடி பின்வாங்கினாள்.

“மன்னிக்கணும், வெளியிலேர்ந்து சாப்பாடு கொண்டுவர அனுமதி இல்லை.”

இரண்டாவது, கிரமோந்தோ குடும்பத்தாருடையது. இங்கே அதிர்ஷ்டம் காலர் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தது. முதலாளி லொதோவீக்கோ கிரமோந்தோவே வந்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்து வரவேற்றுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, பீப்பாய் மாதிரி உடம்பு, அந்தக் குரலில் அவர் காலை வணக்கம் சொன்னால் பக்கத்துப் பள்ளத்தாக்கு பதில் வணக்கம் சொல்லும். ரெமிஜோவின் கையைக் குலுக்கியவர் அதை விடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அண்ணே, இது ஒயின் குடிக்க வந்த கை இல்லையே! கொடி கட்டுற கை. எந்தப் பக்கம் நீங்க?”

“தொல்யானிப் பக்கம்.”

“அப்ப தொல்செத்தோக்காரரு! உக்காருங்க, உக்காருங்க.” அவரே பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிக்குச்சியையும் சலாமியையும் தள்ளிவைத்தார். “இந்த வருஷம் எப்படி வந்திருக்கு?”

“குறை சொல்ல முடியாது,” என்றான் ரெமிஜோ.

“சரக்கு எல்லாம் போயிடுச்சா?”

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் மலைகளில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. தோட்டமே தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தாலும் அதுதான் பதில். விற்கவில்லை என்று ஒருவன் சொன்னால் பழத்தில் பூஞ்சை என்று அர்த்தம், அல்லது வீட்டில் பஞ்சம் என்று அர்த்தம். இரண்டில் எது என்பதைச் சாயங்காலத்துக்குள் ஊர் முடிவு செய்துவிடும். ரெமிஜோ ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று ‘என்கிட்ட நூத்தம்பது குவிண்டால் இருக்கு’ என்று சொல்லிப் பழகியிருந்தான். ஆனால் இது கண்ணாடி இல்லை.

“போயிடுச்சு,” என்றது அவன் வாய். “ஆகஸ்ட்லயே போயிடுச்சு.” ஒனொரீனா மேஜைக்கடியில் அவன் முழங்காலை உதைத்தாள். அவள் உதையின் வேகத்தில் வாய் இன்னும் நன்றாக ஓடியது. “ரெண்டு பேரு வந்து ஒரே நேரத்துல கேட்டாங்க. என் வீட்டு வாசல்லயே அடிச்சுக்கிட்டாங்க. நான்தான் வெலக்கிவிட்டேன்.”

கிரமோந்தோ பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் மேஜைவிரிப்பு பறந்தது.

“குடுத்துவெச்சவரு நீங்க. எனக்கு ஆலங்கட்டி மழை எரநூறு குவிண்டாலைக் கொண்டுபோயிடுச்சு. தொல்செத்தோ நூறோ, நூத்தம்பதோ கெடைச்சா இன்னைக்கே கைகுடுத்து வாங்கிக்குவேன். நாலு பேரைக் கேட்டேன். நாலு பேருமே ‘போயிடுச்சு’ங்கறாங்க. தொல்செத்தோவுக்கு இவ்வளவு கிராக்கின்னு எனக்குத் தெரியாமப் போச்சே!”

ரெமிஜோ ரொட்டிக்குச்சியைக் கடித்தான். அது துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது.

காருக்குள் வந்து கதவைச் சாத்தியதும் ஒனொரீனா கத்திய கத்தலில் பாண்டாவின் கண்ணாடியில் இருந்த பழைய விரிசல் இரண்டு விரற்கடை நீண்டது.

“அடிச்சுக்கிட்டாங்களா? யாருடா அடிச்சுக்கிட்டது? நீயும் உன் நாக்குமா?”

“திடீர்னு கேட்டாருக்கா.”

“பின்ன தபால் போட்டுட்டா கேப்பாரு? வாங்கறேன்னு ஒரு மனுஷன் வாயைத் திறந்து நிக்கறான், உன் வாயில என்ன, வெந்த உருளைக்கிழங்கா? எறங்கு. உள்ள வந்து உண்மையைச் சொல்லு.”

“சொன்ன சொல்லை அஞ்சு நிமிஷத்துல எப்படிக்கா மாத்தறது?”

“நீ மாத்த வேணாம். நான் மாத்தறேன்.” அவள் இறங்கி, அவன் டையைப் பிடித்துக் கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஐயா, எந்தம்பி சொன்னது அத்தனையும் பொய்யி,” என்றாள் கிரமோந்தோவிடம். “ஒரு பழம் விக்கல. நூத்தம்பது குவிண்டாலும் கொடியிலதான் இருக்கு. அதுவும் நிமிஷத்துக்கு ஒண்ணா உதிருது.”

கிரமோந்தோ அவளை அன்பாகப் பார்த்தார். அந்த அன்புதான் வினையாகப் போயிற்று.

“புரியுதும்மா. நான் வேணும்னு சொன்னதும், மொதல்ல வாங்கினவன்கிட்டேர்ந்து திருப்பி எனக்குக் குடுத்தா நாலு காசு கூட வரும்னு தோணியிருக்கு. தப்பில்லை. ஆனா இன்னொருத்தன் கைகுடுத்த சரக்கை நான் தொட மாட்டேன். எங்கப்பா என்னை அப்படி வளர்க்கல.”

“யாரும் கையும் குடுக்கல, காலும் குடுக்கல!”

“சரி, தரகர் சென்சினைக் கேட்டுடுவோம். அவருக்குத் தெரியாம இங்க ஒரு திராட்சை நகராது.” அவர் தம்பியின் பேரைக் கேட்டுக்கொண்டு ஃபோனை மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டார்.

சென்சின் குரல் கரகரத்தது. “ரெமிஜோவோடதா? அது எப்பவோ போயாச்சே! சனிக்கிழமை ஆல்பா ஊர்ச் சதுக்கத்துல அவன் வாயாலயே சொன்னான். நம்ம பாப்பன்னா இருந்தான், அவன் மச்சான் இருந்தான், கசாப்புக்கடைக்காரன் இருந்தான். எல்லாரும் கேட்டோம். ஏன், எதாச்சும் தகராறா?”

ஒனொரீனா தம்பியை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். சனிக்கிழமைக் கதை அவளுக்குத் தெரியாது.

“அண்ணே,” என்றார் கிரமோந்தோ. “ஆம்பளைக்கு ஆம்பளை கேக்கறேன். நீங்களே சொல்லிடுங்க. வித்தாச்சா, இல்லையா?”

மேஜையில் ஃபோன் கிடந்தது. அதற்குள் சென்சின் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. சென்சினுக்குப் பின்னால் ஆல்பா ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. இல்லை என்று சொல்லத்தான் ரெமிஜோ வாயைத் திறந்தான். அதை நான் சத்தியம் செய்வேன். அந்த வார்த்தைக்காக நாக்குகூட மடிந்துவிட்டது.

“வித்தாச்சு,” என்றான்.

கிரமோந்தோ எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். “இதுதான் மனுஷன்! அக்காவே கலைச்சாலும் கலையாத ஆளு!” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, ஒரு புட்டி ஒயினைப் பரிசாக அவன் கையில் திணித்தார்.

மூன்றாவது இடத்துக்குப் போகிற வழியில் ஒனொரீனா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தது கடைசியாக அம்மா இறந்தபோது, அதுவும் அரைமணி நேரம்தான். காசு கட்டியாகிவிட்டது என்பதற்காக மட்டும் போனார்கள். அது பழைய மடாலயம். அங்கே சொந்தத் தோட்டத்துப் பழத்தைத் தவிர வெளிப்பழம் ஒன்றுகூட நுழையாது என்று வாசற்பலகையிலேயே பெருமையாக எழுதியிருந்தது. டென்மார்க்காரர்கள் எட்டுப் பேர். வழிகாட்டிப் பெண் இலாரியா தெற்கேயிருந்து வந்தவள், ரெமிஜோ யாரென்று அவளுக்குத் தெரியாது. மூன்றாவது கோப்பைக்குப் பிறகு, யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

ரெமிஜோ எழுந்தான். டையைத் தளர்த்தினான்.

“எங்கிட்ட நூத்தம்பது குவிண்டால் தொல்செத்தோ இருக்கு,” என்றான். குரல் கணீரென்று வளைவுக்கூரையில் மோதித் திரும்பி வந்தது. “விக்கல. ஒருத்தரும் வாங்கல. நாளான்னைக்கு எல்லாம் மண்ணுல கெடக்கும்.”

ஒனொரீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

இலாரியா மொழிபெயர்த்தாள். டென்மார்க்காரர்கள் கைதட்டினார்கள். அவர்களில் மெலிந்த அம்மாள் ஒருத்தி மட்டும் தட்டாமல் ஏதோ கேட்டாள். இலாரியா தயங்கினாள்.

“இவங்க கேக்கறாங்க, வாங்கறவங்க யாருகிட்டயாவது இதைச் சொன்னீங்களான்னு.”

ரெமிஜோ அந்த அம்மாளைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஒரு மாதம் முன்பே பேசிவைத்திருந்தபடி, மாசிடோனியாக்காரன் கோரான் தன் அறுவடை ஆட்கள் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து இறங்கினான். கையில் கத்தரி. புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

“மொதலாளி, எந்த வரிசையிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்?”

“ஆரம்பிக்க வேணாம் கோரான். விக்கல.”

கோரான் குனிந்து ஒரு கொத்தைத் தொட்டான். தொட்டதுமே பாதிப் பழம் அவன் கையில் கொட்டியது. ஒன்றை வாயில் போட்டுக் கடித்தான்.

“நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு.”

“நேத்து சாயங்காலம் கிரமோந்தோ ஆளுங்க ஃபரிலியானோ ஊர்ப் பக்கம் தொல்செத்தோ வாங்கிட்டாங்க. நாளைக்கு அங்க நாங்கதான் அறுக்கறோம். அது இந்தப் பழத்துக்குக் கிட்டகூட வராது. உங்ககிட்ட வரலையா அவங்க?”

ரெமிஜோ உதிர்ந்து கிடந்த பழங்களைக் காலால் ஒதுக்கினான். பன்னிரண்டு பேரும் கத்தரிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேனில் ஏறினார்கள். இன்றைய கூலி போனதைப் பற்றி யாரோ பின்னால் இருந்து தங்கள் மொழியில் முணுமுணுத்தது புரியாமலே புரிந்தது.

வேன் சத்தம் வளைவில் அடங்கியதும் மைனா மாதிரியான கறுத்த பறவைக் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. வானமே கிழிந்து விழுந்த மாதிரி. முதல் வரிசை, இரண்டாவது வரிசை, மூன்றாவது. விரட்டுவதற்கு ரெமிஜோ இரண்டு கையையும் தூக்கினான். தூக்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கோட்டுப் பைக்குள் போய்விட்டது.