ஊருக்குப் போன பியூலா

சேலையூர் ஏரிக்கரைத் தெருவில் பியூலா இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 1992 ஜனவரியிலேயே அவள் பாளையங்கோட்டைக்குச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஸ்பெஷல் டியூஷன். பிளஸ் டூ உயிரியலை மறுபடி எழுதி, மார்க்கைக் கூட்டி, டாக்டர் சீட்டோடுதான் திரும்புவாள். சர்ச்சில் போதகர் அவள் தலைமேல் கை வைத்து ஜெபம் பண்ணி வழியனுப்பினார். எதிர்வீட்டு அஞ்சம்மாள் வழியில் சாப்பிட ஒரு பை நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள்.

பியூலா போகத்தான் இல்லை. பெட்டி கட்டிக் கிளம்பி, அப்பா லாசரஸோடு தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் போனாள். அம்மா தபீதாள் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள். சித்திக்கு மஞ்சள் காமாலை, வர வேண்டாம் என்று தந்தி. கடைசி பஸ்ஸில் மூன்று பேரும் வீடு திரும்பியபோது தெருவில் ஈ காக்கை இல்லை.

மறுநாள் காலையில் வாசலில் நின்று, 'பயணம் நின்றுபோச்சு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். லாசரஸுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. போன வருஷமே மகளை டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டு, உயிரியலில் இருநூறுக்கு நூற்றறுபத்துமூன்று என்று வந்து நின்ற மனிதர் அவர். 'பொண்ணு இன்னும் பிளஸ் டூதானா' என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி மனிதருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இப்போது ஜெபமும் பண்ணி, முறுக்கும் வாங்கிக்கொண்டு, எந்த முகத்தோடு மறுபடி நிற்பது?

"ஒரு வகையில நல்லதும்மா," என்றார். "நீ இல்லேன்னு நினைச்சா யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க. நிம்மதியாப் படிக்கலாம். மூணு மாசந்தானே."

நல்ல நிம்மதி. காலையில் லாசரஸ் எக்மோர் ஆபீஸுக்குக் கிளம்பும்போது வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போவார். தபீதாள் செங்கல்பட்டில் ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் வெளியே போனால் பூட்டு, உள்ளே வந்தால் தாழ்ப்பாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியே இருக்கும். பியூலாவின் துணிமணி உள்ளறைக் கொடியில்தான் காயும், காயாமல் நாறும். பகலில் ஃபேன் போடலாம், டிவி கூடாது. மீன்காரியிடம் ஒரு துண்டு அதிகம் வாங்கினால்கூட 'யாரு வந்துகீறாங்க' என்று கேட்பாளாம், அதனால் மூன்று பேருக்கு இரண்டு பேர் குழம்புதான். பின்கதவைத் திறந்தால் துணி துவைக்கிற கல்லும், ஆள் உயரத்துக்கு மேலே சுவரும், சுவர்மேல் கண்ணாடிச் சில்லும்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது இன்னொன்று. பியூலாவுக்கு வாய்விட்டுச் சத்தமாகப் படித்தால்தான் மண்டையில் ஏறும். இங்கே உதட்டளவில் முணுமுணுக்க வேண்டும். சாயங்காலம் அப்பா புத்தகத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார். அவருக்கு உயிரியல் ஒரு மண்ணும் தெரியாது, வார்த்தை மட்டும் மாறக் கூடாது.

"இரத்தம் வடிகட்டப்படுகிறதுன்னு போட்டிருக்கு. நீ வடியுதுங்கறே. முதல்லேருந்து சொல்லு."

முதலிலிருந்து சொல்வாள். சிறுநீரகத்தில் ஆரம்பித்தால் பாதியில் பெரணிச் செடியின் வாழ்க்கைச் சுற்று வந்து கலந்துகொள்ளும். மறுபடி முதலிலிருந்து. மார்ச் மாதம் வந்தபோது அவளுக்குத் தன் குரல் எப்படி இருக்கும் என்பதே சந்தேகமாகிவிட்டது. டாக்டர் ஆசை அவளுக்கு இருந்ததோ இல்லையோ, அதைப் பற்றி யோசிக்கவே இப்போது தெம்பில்லை. பரீட்சை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அப்பா இன்னொரு வருஷம் என்பார்; இன்னொரு வருஷம் இதே அறை, இதே பூட்டு.

பரீட்சை நாளுக்கு லாசரஸ் திட்டம் போட்டு வைத்திருந்தார். விடியுமுன் தலையில் முக்காடு போட்டு, முதல் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, ஒன்பதரைக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்குத் தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டியது. பத்து மணிக்குப் பரீட்சை. கனகச்சிதமான திட்டம்.

அன்றைக்கு விடிகாலை நாலு மணிக்கு எதிர்வீட்டு பக்தவச்சலம், அஞ்சம்மாளின் புருஷன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனார். ஐந்து மணிக்குத் தெரு முழுக்க ட்யூப்லைட். ஆறு மணிக்குப் பந்தல், இரும்பு நாற்காலி, மேளம். ஏழு மணிக்குப் படப்பையிலிருந்து ஒரு லாரி உறவு, கேளம்பாக்கத்திலிருந்து ஒரு வேன் உறவு. எல்லோரும் லாசரஸ் வீட்டுச் சுவரில்தான் சாய்ந்து நின்றார்கள்.

"கொஞ்சம் கூட்டம் குறையட்டும்மா," என்றார் லாசரஸ். சாவு வீட்டில் கூட்டம் குறைந்து யார் பார்த்தது?

எட்டே முக்காலுக்கு அவருக்கு இன்னொரு கவலை வந்தது. எதிர்வீட்டில் சாவு விழுந்து எட்டிப் பார்க்காவிட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? தபீதாள் நைட் டூட்டி முடிந்து வரப் பத்து மணியாகும்.

"தலையைக் காட்டிட்டுப் பத்தே நிமிஷத்துல வந்துடறேன்."

"பூட்டாதீங்கப்பா."

"பூட்டாமப் போனா உள்ள யாருன்னு கேக்க மாட்டாங்களா?" என்றவர், பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

பியூலா ஹால் டிக்கெட்டையும் பேனாக்களையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். தெருவிலேயே படித்த ஆபீஸர் அப்பாதானே. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் அட்டையைக் கொடுத்து, இறப்புப் பதிவுக்கு மனு எழுதச் சொல்லிவிட்டார்கள். அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. மூடியைத் திருகி, பேனாவை உதறி, அழகான கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். ஒருவர் காபி கொடுத்தார், குடித்தார். மணி ஒன்பது பத்து. இன்னொருவர் வந்து இன்னொரு காகிதத்தை நீட்டினார். ஒன்பது இருபது. அவர் எழுந்திருக்க மாட்டார் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. ஒரு வருஷம் போனால் போகட்டும், மானம் போகக் கூடாது என்று அவர் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. மேளக்காரர்கள் டீ குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். அவள் ஜன்னல் கதவைப் படாரென்று திறந்தாள்.

"அப்பா, கதவைத் திறங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. லாசரஸ் மட்டும் திரும்பவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற படப்பைக்காரர் குழம்பிப்போனார். "சார், உங்க வூட்டாண்டதான் கேக்குது. உள்ள யார்னா கீறாங்களா?"

"யாரும் இல்லையே," என்றார் லாசரஸ். "ரேடியோவா இருக்கும்."

பியூலாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். "எனக்குப் பத்து மணிக்குப் பரீட்சைப்பா. கதவைத் திறங்க."

பந்தலுக்குள் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அஞ்சம்மாள் தலையைத் தூக்கினாள். விடிகாலையிலிருந்து அழுது முகம் வீங்கிப்போயிருந்தது.

"அது நம்ம பியூலா கொரலு," என்றாள்.

யார் தடுத்தும் கேட்காமல் எழுந்தாள். தலைவிரி கோலமாக நேரே லாசரஸிடம் வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடு சார்."

"இல்லம்மா, அது வந்து..."

"பொண்ணு பரிச்சைன்னு கத்துது, நீ இன்னா சார் எழுதிக்கினு குந்திகினுகீறே? என் ஊட்டுக்காரு செத்துத்தான் பூட்டாரு, அந்தப் பேப்பரு மெதுவா எழுதிக்கலாம். குடு."

அவ்வளவு பேர் பார்க்க லாசரஸ் சாவியை எடுத்துக் கொடுத்தார். அஞ்சம்மாள் சாவியைப் போட்டுத் திருகினாள்; இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவை பூட்டுத் திறந்தது. பியூலா வெளியே வந்தாள். மூன்று மாதம் வெயில் படாத கண் கூசியது. அஞ்சம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போடீ, நேரமாவுது," என்று அஞ்சம்மாள் அவளைத் தள்ளிவிட்டாள்.

வழி விட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். லாசரஸ் நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். மடியிலிருந்த காகிதங்கள் கீழே சரிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. மகள் கிட்டே வந்ததும் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்தார், சிரிக்கப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"எப்பம்மா ஊர்லேருந்து வந்தே?"

பியூலா நின்றாள்.

"நான் போகவே இல்லைப்பா," என்றாள். பிறகு ரயில்வே கேட் சாத்திவிடப் போகிறார்களே என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினாள்.